பன்னிரண்டா, பத்தரையா?

டெக்சாஸில் இருக்கிறேன். என்னிடம் இருந்தது பிஸ்டலாக வாங்கிய ஏஆர்-15 துப்பாக்கி. தோளில் வைத்துச் சுட அதற்கு ஒரு ஸ்டாக் (தோளில் அணைக்கும் பின்கட்டை) மாட்ட ஆசை. பேரல் (குண்டு பாயும் குழல்) 16 அங்குலத்துக்குக் குறைவு என்பதால், மாட்டிய நிமிஷமே அது 1934-ஆம் வருஷத் துப்பாக்கிச் சட்டத்தில் வரும் குட்டை ரைஃபிள். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏடிஎஃப்-க்கு ஃபார்ம் 1 என்ற விண்ணப்பம் போட்டு, அனுமதி கையில் வந்த பிறகுதான் தொடணும். ஸ்டாக்கை அதுவரை வாங்கவே இல்லை.

பேரல் நீளம் 12 என்று நிரப்பிவிட்டேன். அனுப்பும் முன் பழைய ரசீதைப் பார்த்தால் 10.5! முனையில் திருகி மாட்டியிருந்த மஸில் பிரேக்கையும் (சுடும்போது வரும் உதையைக் குறைக்கும் துண்டு) சேர்த்து டேப் பிடித்திருக்கிறேன். கழற்றக்கூடியது கணக்கில் சேராது. குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பிரேக்கைக் கழற்றினேன். பேரலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மூடி, முனை வழியாக மரக்குச்சியை முட்டும் வரை விட்டு, விளிம்பில் பென்சில் கோடு. சரியாகப் பத்தரை. திருத்தி அனுப்பினேன். 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் இதற்குக் கிடையாது, அது ஒரு நிம்மதி.

அனுமதி வந்ததும் ரிசீவரில் (துப்பாக்கியின் நடு உடல்) பேரும் ஊரும் மாநிலமும் பொறிக்கணும்; பொறிப்பின் ஆழம் 0.003 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அப்பா பேரோடு சேர்ந்த என் பேரைப் பார்த்து, பொறிப்பவர் இடம் தேடித் திணறிவிட்டார்.