மூட்டுவாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஈறில் ரத்தம் வந்தால்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் பலருக்கு மூட்டு டாக்டர் திருவனந்தபுரத்தில், பல் டாக்டர் வீட்டுக்குப் பக்கத்தில். ஒருவர் எழுதிய சீட்டு மற்றவர் கண்ணில் படுவதில்லை. ருமட்டாய்டு, லூபஸ், ஷோக்ரன் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்கள்) உள்ளவர்களின் ஈறு வைத்தியம் சிக்கலாவது பல சமயம் இந்த இடத்தில்தான். அதனால் சீட்டு, மாத்திரை அட்டை, கடைசி ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு பல் டாக்டர் மேசையில் வையுங்கள்.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாய்ப்புண் உண்டாக்கும், ரத்த அணுக்களையும் குறைக்கும். இதோடு கோ-டிரைமாக்சசோல் ஆன்டிபயாடிக் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையே செயலிழக்கலாம். அந்த ஆன்டிபயாடிக்கை மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கவே கூடாது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாள்பட எடுப்பவர் சிகிச்சையன்று காலை மாத்திரையை விடக்கூடாது, தானாக நிறுத்துவது ஆபத்து. எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் எடுத்தால், பல் பிடுங்கும் முன்பே சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்த்த பிறகே கை வைப்பார்கள்.

அடுத்து ஈறைப் பார்க்க வேண்டும். விளிம்பு வீங்கி, பல்லில் காரை படிந்து, தொட்டால் ரத்தம் வந்தால் வழக்கமான ஈறுநோய். ஈறு முழுக்கச் சிவந்து, தோல் உரிந்து, மீன்குழம்பு பட்டாலே எரிந்தால் லைக்கன் பிளானஸ், பெம்ஃபிகஸ், பெம்ஃபிகாய்டு (எதிர்ப்புச் சக்தி வாய்த் தோலைத் தாக்கும் நோய்கள்) என்று சந்தேகிக்க வேண்டும். இதற்கு பல் க்ளீனிங் மட்டும் போதாது, பயாப்சி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) தேவை. உரிந்த இடத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாது; புண்ணை ஒட்டிய நல்ல சதையிலிருந்து எடுக்க வேண்டும். எதிர்ப்புப் புரதம் சதையில் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கான துண்டை, வழக்கமான ஃபார்மலின் திரவத்தில் போட்டால் வீண், அதற்குத் தனித் திரவம் உண்டு. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் எடுப்பவருக்கு ஈறு தடித்து வளர்வது வேறு கதை, மருந்தை மாற்றலாமா என்று மூட்டு டாக்டரைக் கேட்கலாம்.

வழக்கமான ஈறுநோயில், 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் ஆழமுள்ள குழிகளில் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் உண்டாகும் இடைவெளி) வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். விரைவில் களைப்பவர்கள் இரண்டு மூன்று காலை வேளைகளாகப் பிரித்துக் கேளுங்கள். 2 முதல் 3 மாதத்தில் குழியை மறுபடி அளக்க வேண்டும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் நல்லது.

வீட்டில் உமிக்கரியை விடுங்கள், ஈறை அது அராவும். மென்மையான பிரஷ், ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, 2 நிமிடம். விரல் மடங்காதவர்கள் பிரஷ் பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொள்ளலாம், பிடி நழுவாது. வாய் கொப்பளிக்க 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் மருந்து 10 மில்லி, ஒரு நிமிடம், காலையும் இரவும், டாக்டர் வேறு சொல்லாவிட்டால் இரண்டு வாரம் மட்டும். நாள் கூடினால் பல் கறைபடும். பேஸ்ட் போட்டு அரைமணி கழித்தே கொப்பளிக்க வேண்டும், இல்லையென்றால் மருந்தின் பலன் குறையும். வாய் வறண்டவர்கள் ஆல்கஹால் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கும்போது காய்ச்சலோடு ஈறோ தாடையோ வீங்கினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.