உங்கள் தெருவில் ரோடு போடுகிறார்களா? 10 ரூபாயில் கணக்குக் கேட்கலாம்

சென்னையில் உங்கள் தெருவுக்கு ரோடு வேலை வந்தால், தொகையும் ஒப்பந்ததாரர் பெயரும் எழுதிய பலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் மாநகராட்சி அறிவிப்புகளைத் தேடலாம்.

அங்கும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "ரோடு ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணமாகக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி ஆணை, செய்த வேலையின் அளவைப் பதிந்து வைக்கும், எம் புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துக்குள் ரோடு பெயர்ந்தால் அவர் செலவில்தான் சரிசெய்ய வேண்டும். நம் வரிப்பணம் இரண்டாம் முறை போகவே கூடாது.

பலருக்குத் தெரியாதது: நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரி பெறவும் இதே சட்டம் உரிமை தருகிறது.

நீங்கள் கேட்கும் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால், மனுவை 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்புவது மாநகராட்சியின் பொறுப்பு. வெறும் பள்ளம்தான் பிரச்சினை என்றால், மாநகராட்சியின் உதவி எண்ணான 1913-க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.