பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருபவர்கள் இன்று ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டு மாடியில் நடத்துகிறவர்கள், வாட்ஸ்அப் குழு வைத்து நடத்துகிறவர்கள், வேலை முடிந்து வந்து காசு வாங்காமல் சொல்லித்தருகிறவர்கள். பெரும்பாலும் அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் சேர்ந்தவர்களில் பலர் இரண்டு மூன்று மாதத்தில், "எனக்கு வராதுங்க மேடம்" என்று நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு வராமல் இல்லை. தமிழ் பேசும் நாக்குக்கு ஏற்கெனவே தெரிந்ததை மெனக்கெட்டுச் சொல்லித்தருகிறோம், தெரியாததைத் தொடாமலே விட்டுவிடுகிறோம். பாதிச் சிக்கல் அங்கேதான்.

யாரிடம் பேசப்போகிறார்?

இதைக் கேட்காமலே பாடத்தைத் தொடங்கிவிடுகிறோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர் பேசப்போவது ஸ்பெயினிலோ ஜெர்மனியிலோ இருக்கும் பையரிடம். அந்த பையருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. லண்டன் போகப்போகிற நர்ஸ் பேச வேண்டியது வலியில் படுத்திருக்கும் முதியவரிடம். மகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அம்மாவுக்கு விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரி கேட்கும் நாலைந்து கேள்விகள்தான் முதல் கவலை. மூவருக்கும் ஒரே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்துவது அவர்கள் நேரத்தை வீணடிப்பது.

'மூன்றே மாதத்தில் பிரிட்டிஷ் ஆக்சென்ட்' என்று ஆசை காட்டுவது இதைவிட மோசம். கனடாவைச் சேர்ந்த மரே மன்ரோ, டிரேசி டெர்விங் இருவரும் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சீனமொழி பேசுகிறவர்களின் ஆங்கிலத்தை, ஆங்கிலம் தாய்மொழியான சிலருக்குப் போட்டுக்காட்டி, காதில் விழுந்ததை எழுதச் சொன்னார்கள். ஆக்சென்ட் ரொம்பத் தூக்கலாக இருக்கிறது என்று அவர்கள் மதிப்பெண் போட்ட வாக்கியங்களில் பலவற்றையும் ஒரு சொல் தப்பாமல் எழுதியிருந்தார்கள். ஆக்சென்ட் வேறு, புரிவது வேறு. மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்விலும் பேச்சுப் பகுதியில், உச்சரிப்பைப் பொறுத்தவரை பார்ப்பது சொல்வது புரிகிறதா என்பதைத்தான். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் எழுதும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் நடக்கும். உச்சரிப்பு அதன் நான்கு அளவுகோல்களில் ஒன்று. அங்கேயும் தமிழ் வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் மதிப்பெண் குறையாது.

யாருக்கோ எழுதிய பாடம்

கடையில் கிடைக்கும் உச்சரிப்புப் புத்தகங்களில் பல, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', செம்மறி ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்று ஜோடி ஜோடியாகப் பல பக்கம் போகும். ஸ்பானிஷ் பேசுகிறவருக்கு அது வேண்டும். 'விடு', 'வீடு' என்று குறில் நெடிலிலேயே வளர்ந்தவருக்கு அதில் ஒரு வாரம் எதற்கு? ஜப்பானியர் ரகரத்துக்கும் லகரத்துக்கும் படும் பாடும் நமக்கு இல்லை. ர, ற, ல, ள, ழ என்று ஐந்தை வைத்திருக்கிறோம். இந்தப் பக்கங்களைத் தயங்காமல் புரட்டிவிடுங்கள்.

நமக்குச் சிக்கல் தருவது வேறு. அதில் பெரிய பங்கு, ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கும் பழக்கத்துக்கு. மாணவர் நோட்டில் 'பேக்' என்று எழுதிக்கொள்கிறார். தோளில் மாட்டும் பையும் அதுதான், முதுகும் அதுதான், மூட்டை கட்டுவதும் கேக் சுடுவதும் அதுதான். நாலு சொல்லும் ஒரே எழுத்தில் அடங்கிவிட்டன. 'கோட்' என்று எழுதினால் மேலே போடும் சட்டையா, ஆடா என்று தெரியாது. அப்புறம் 'சம்மர்', 'ஹாப்பி' என்று ஒற்றை இரட்டித்து எழுதுகிறோம். வாயும் அப்படியே இரட்டிக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து எழுதினாலும் ஒலி ஒன்றுதான். ஒரு புதுச்சொல்லை முதலில் காதால் கேட்க வையுங்கள், பிறகு சொல்ல வையுங்கள், கடைசியாக எழுத்தைக் காட்டுங்கள். இந்த வரிசையை மாற்றினாலே பல பிழைகள் பிறக்காமல் போகும்.

ககரம், பகரம் போன்றவற்றில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. தமிழில் சொல்லின் முதலில் வரும் 'ப' காற்றில்லாமல் பிறக்கிறது. ஆங்கிலத்தில் அதே இடத்தில் ஒரு சின்னக் காற்று வெடித்து வெளிவரும். அந்தக் காற்று இல்லாவிட்டால், ஆங்கிலேயர் காதில் மாத்திரையைக் குறிக்கும் 'பில்', கடையில் தரும் 'பில்' ஆகவே விழும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்ட வேண்டும். டிஷ்யூ பேப்பரில் ஒரு கீற்றுக் கிழித்து மாணவரின் உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். 'பால்' என்று தமிழில் சொல்லட்டும், பேப்பர் அசையாது. மாத்திரைச் சொல்லைப் பேப்பர் படபடக்கும்படி சொல்லட்டும். ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். 'க', 'ட' இரண்டுக்கும் இதே பயிற்சிதான். ஆங்கில 'ட' நம்முடையதைவிடப் பல்லுக்கு அருகில் பிறப்பது. யாழ்ப்பாணத்தார் 'காற்று' என்று சொல்லும்போது நாக்கு படும் இடம் ஏறக்குறைய அதுவே. அவர்கள் 'ரிக்கற்', 'மார்க்கற்' என்று எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த சிக்கல்: 'புக்கு', 'லைட்டு', 'கேட்டு'. இதைக் கேலி செய்து திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கேலி செய்ய ஒன்றுமே இல்லை. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது என்பது நம் மொழியின் விதி. நாக்கு இலக்கணப்படி நடக்கிறது, அவ்வளவுதான். இதைத் திருத்தவும் தமிழ் இலக்கணமே கைகொடுக்கும். பால், ஆடை சேர்ந்தால் பாலாடை. மெய்மேல் உயிர் வந்து ஏறிக்கொள்கிறது. ஆங்கிலமும் அப்படித்தான் பேசப்படுகிறது. 'புக் இஸ்' என்பது வாயில் 'புக்கிஸ்', 'டர்ன் ஆஃப்' என்பது 'டர்னாஃப்'. இரண்டு உயிருக்கு நடுவில் வந்து ஒட்டவைக்கும் உடம்படுமெய்கூட அங்கே இருக்கிறது. 'ஸீ இட்' என்பதை வேகமாகச் சொன்னால் நடுவில் யகரம் வந்து 'ஸீயிட்' ஆகும். 'கோ அவுட்' என்பதில் வகரம் எட்டிப்பார்க்கும். மணி+அடித்தது மணியடித்தது ஆனதுபோலத்தான். பள்ளியில் புணர்ச்சி படித்த ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். தனக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்ற தெம்பு வருகிறது. தனித்தனிச் சொல்லாகவே உச்சரிக்கப் பழக்குகிறவர்கள் இந்தத் தெம்பைப் பறித்துவிடுகிறார்கள்.

'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பவரை ஸகரத்தை மட்டும் பாம்பு சீறுவதுபோல் நீட்டிவிட்டு மிச்சத்தைச் சொல்லச் சொன்னால் போதும். இறந்தகால வினையில் 'ஹெல்ப்பெட்', 'வாக்கெட்' என்று ஓர் அசையைக் கூட்டுகிறவருக்கு, 'வான்டட்', 'நீடட்' போல டகர ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டுமே அந்தக் கூடுதல் அசை உண்டு, மற்றவை 'ஹெல்ப்ட்', 'வாக்ட்' என்று ஒட்டியே நிற்கும் என்று ஒருமுறை விளக்கிவிடுங்கள்.

அழுத்தத்தை விட்டுவிடாதீர்கள்

இருப்பதிலேயே பெரிய தவறாக நான் நினைப்பது இதைத்தான். ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் வாரக்கணக்கில் திருத்துகிறோம், சொல்லில் எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்பதைப் பற்றி ஒரு நாளும் பேசுவதில்லை. தமிழில் அசைகளுக்கு ஏறக்குறைய சமமான பங்கு. ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி நீளும், மற்றவை தேய்ந்துபோகும். கேட்பவர் அந்த ஓங்கிய அசையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லை அடையாளம் காண்கிறார். 'டெவலப்' என்பதில் முதல் அசையை ஓங்கிச் சொல்கிறோம். ஓங்க வேண்டியது நடு அசை. 'ஹோட்டல்' என்பதில் இரண்டாவது அசை. 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை. அதை எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் அதே அழுத்தம் இரண்டாவது அசைக்கு நகர்ந்துவிடும்.

இதனால் வரும் ஆபத்து நர்ஸ்களுக்கு நன்றாகத் தெரியும். 'ஃபிஃப்டீன் மில்லிகிராம்' என்று முதல் அசையை ஓங்கி, கடைசியைச் சுருக்கிச் சொன்னால் எதிரில் இருப்பவர் காதில் 50 என்று விழலாம். 15-க்கு இரண்டாவது அசை நீள வேண்டும், 50-க்கு முதல் அசை. மருத்துவமனைகளில் இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே 'ஒன், ஃபைவ்' என்று இலக்கங்களைத் தனித்தனியாகவும் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதையும் சேர்த்தே பழக்குங்கள். 'ஐ கேன் கம்' என்பதும் அப்படித்தான். 'கேன்' என்பதை ஓங்கிச் சொன்னால் 'வர முடியாது' என்று கேட்கிறவர்கள் உண்டு, முக்கியமாக அமெரிக்கர்கள். முடியும் என்றால் அது 'கன்' என்று தேய வேண்டும், 'கம்' ஓங்க வேண்டும்.

பழக்குவதற்கு ஒரு ரப்பர் பேண்ட் போதும். இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொண்டு, ஓங்க வேண்டிய அசை வரும்போது மட்டும் இழுக்க வேண்டும், மற்ற அசைகளில் தளர்த்த வேண்டும். தேய்வது எப்படி என்று கேட்டால், 'பாட்டு' என்பதன் கடைசி உகரத்தைக் காட்டுங்கள். வாய் குவியாமல் அரைகுறையாக வெளிவருகிறதே, அந்த அளவு சோம்பல்தான் தேவை.

அவர் பேசட்டும்

உரையாடல் பயிற்சியில் நாம் செய்யும் தவறு பெரும்பாலும் அவசரம். அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீண்டன. அங்கே மாணவர்கள் தாய்மொழியில் பதில் சொன்னார்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் தேடுகிறவருக்கு இன்னும் கூடுதலாகவே நேரம் வேண்டும். அந்த மௌனத்தை நாம் பேசி நிரப்பிவிடுகிறோம். ஒரு மணி நேர வகுப்பில் முக்கால் மணி ஆசிரியர் குரலே கேட்டால் பயிற்சி கிடைப்பது ஆசிரியருக்குத்தான்.

நடுவில் நிறுத்தி நிறுத்தித் திருத்துவதும் வேண்டாம். ஐம்பது வயதுக் கடைக்காரரை அவர் மகன் வயது ஆசிரியர் பத்துப் பேர் முன்னால் மூன்று முறை நிறுத்தினால், நாலாவது முறை அவர் வாயைத் திறக்கமாட்டார். அவர் பேசி முடிக்கட்டும். நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அர்த்தத்தைக் கெடுத்த இரண்டு பிழைகளை மட்டும் எடுங்கள். சரியான வடிவத்தை நாமே சொல்லிவிட்டு நகர்வதும் பலன் தராது. 1997-இல் ராய் லிஸ்டர், லைலா ரான்டா இருவரும் கனடாவின் பிரெஞ்சு வழிப் பள்ளி வகுப்புகளில் பார்த்தது இதுதான்: ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட முறை அது, மாணவர்கள் மிகக் குறைவாக எதிர்வினை காட்டியதும் அதற்கே. "இதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று அவர் வாயாலேயே திருத்த வையுங்கள்.

'உங்கள் பொழுதுபோக்கு என்ன' என்ற தலைப்பும் பெரியவர்களுக்கு வேண்டாம். சரக்கு தாமதமானதைப் போனில் எப்படிச் சொல்வது, குழந்தையின் டீச்சரிடம் என்ன கேட்பது என்று அவர் வாழ்க்கையிலிருந்து எடுங்கள்.

மரியாதையைச் சொல்லித்தர மறந்துவிடுகிறோம். தமிழில் அது 'ங்க' என்ற விகுதியில் உட்கார்ந்திருக்கிறது. மொழிபெயர்க்கும்போது அந்த விகுதி உதிர்ந்துவிடுகிறது. 'சொல்லுங்க' என்று பணிவாக நினைத்துக்கொண்டு போனை எடுத்ததும் 'டெல் மீ' என்கிறார். எதிரில் இருப்பவருக்கு அது அதட்டல். 'ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ' போன்ற முழு வாக்கியங்களை அப்படியே பழக்குங்கள்.

எதிர்மறைக் கேள்விக்கான பதிலைப் பயிற்சி செய்யாமல் யாரையும் வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். "மாத்திரை சாப்பிடலையா?" என்றால் நாம் "ஆமாம், சாப்பிடலை" என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு 'எஸ்' என்றால் சாப்பிட்டாயிற்று என்று பொருள்படும். சாப்பிடவில்லை என்றால் 'நோ, ஐ ஹேவன்ட்'. நோயாளி ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால், 'ஸோ யூ ஹேவன்ட் டேக்கன் இட்?' என்று நிறுத்தாமல், 'வென் டிட் யூ டேக் இட்?' என்று நேரத்தைக் கேட்டு உறுதிசெய்யவும் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஓ.இ.டி. பேச்சுத் தேர்வில் ஏறக்குறைய 5 நிமிடம் நடக்கும் இரண்டு ரோல் பிளே உண்டு. இந்தப் பயிற்சி அங்கேயும் உதவும்.

வகுப்புக்கு வெளியே, தினமும் ஒரு நிமிட வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்கள். பதிலையும் வாய்ஸ் நோட்டாகவே அனுப்புங்கள், ஒரு நாளைக்கு ஒரு திருத்தம் மட்டும். முதல் வாரத்து வாய்ஸ் நோட்டை அழிக்காமல் வைத்திருந்து, மூன்றாவது மாதம் அவருக்கே போட்டுக்காட்டுங்கள்.