ஓப்பேக் டைப்: உள்ளே இன்ட், வெளியே ரூபாய்

ரூபாயும் பைசாவும் கம்பைலருக்கு வெறும் இன்ட்தான், அதாவது முழு எண். 5 ரூபாயோடு 50 பைசாவைக் கூட்டி 55 என்றாலும் அது வாய் திறக்காது. இதைத் தடுக்கத்தான் ஓப்பேக் டைப்: உள்ளே இருப்பது என்ன என்பதை, தன் மாட்யூலுக்கு வெளியே மறைக்கும் டைப். ஸ்காலா 3-இல் இது நேரடியாகவே இருக்கிறது. ஓகேமலில் சிக்னேச்சருக்குள் (மாட்யூல் வெளியே காட்டுபவற்றின் பட்டியல்) டைப்பின் பெயரை மட்டும் எழுதி, வரையறையை விட்டுவிட்டால் போதும். நாமே கம்பைலர் எழுதும் ஒரு குட்டி மொழியில் இதைச் சேர்ப்போம். அதில் இப்படி எழுதலாம்:

மாட்யூல் பணம்
  ஓப்பேக் டைப் ரூபாய் = இன்ட்
  ஃபங்ஷன் உருவாக்கு(ந: இன்ட்): ரூபாய் = ந

பணம் மாட்யூலுக்குள் ரூபாயும் இன்ட்டும் ஒன்றே. வெளியே இரண்டும் வேறு. பைசாவையும் இதே மாட்யூலில் வைத்தால், உள்ளே மறுபடியும் அதே குழப்பம்தான். அதற்குத் தனி மாட்யூல் போடுங்கள்.

கம்பைலரில் முதல் வேலை, சிம்பல் டேபிளில் (பெயர்களைக் குறித்துவைக்கும் அட்டவணை) பதிவது: பெயர், சொந்த மாட்யூல், உள்ளிருக்கும் டைப், கூடவே ஓர் அடையாள எண். நான் சறுக்கியது இங்கேதான். சாதாரண அலியாஸ் (அதே டைப்புக்கு இன்னொரு பெயர்) மாதிரி நினைத்து, பெயர்களைத் தேடும் கட்டத்திலேயே எல்லாவற்றையும் விரித்துவிட்டேன், அதாவது ரூபாய் வந்த இடத்திலெல்லாம் இன்ட்டைப் போட்டுவிட்டேன். டைப் செக்கருக்குப் போகும்போது ரூபாய் என்ற பெயரே மிச்சமில்லை. பிழை காட்ட வேண்டிய கோடெல்லாம் சமர்த்தாகக் கம்பைல் ஆனது.

அடுத்தது, இரண்டு டைப்பும் ஒன்றா என்று பார்க்கும் ஃபங்ஷன். அதற்கு மூன்றாவதாக ஒரு விஷயமும் தெரிய வேண்டும்: இப்போது எந்த மாட்யூலில் நிற்கிறோம்?

சமமா(அ, ஆ, இடம்):
  இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்றால் ஆம்
  ஒன்று ஓப்பேக், இடம் அதன் சொந்த மாட்யூல் என்றால் அதை விரித்து மறுபடி பார்
  இரண்டும் லிஸ்ட் என்றால் உள்ளிருப்பவற்றை, அதே இடத்தோடு, பார்
  மற்றபடி வழக்கமான ஒப்பீடு

வேகத்துக்காக விடைகளைக் கேஷ் செய்கிறீர்களா? கீயில் இடத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் உள்ளே கிடைத்த ‘ஆம்’ வெளியேயும் செல்லுபடியாகிவிடும்.

இன்னொரு ஓட்டை, டைப் இன்ஃபரன்ஸ், அதாவது எழுதாத டைப்பைச் செக்கரே ஊகிப்பது. உருவாக்கு ஃபங்ஷனில் ரிட்டர்ன் டைப்பை எழுதாமல் விட்டால், செக்கர் அதை இன்ட் என்றே ஊகிக்கும். ரகசியம் வெளியே போய்விடும். வெளியே தரும் ஃபங்ஷன்களுக்கு டைப் எழுதியே ஆக வேண்டும் என்று கறாராக இருங்கள்.

செக்கிங் முடிந்த பிறகு, கோடு உருவாக்கும்போது தாராளமாக விரிக்கலாம். ஓடும் நேரத்தில் ரூபாய் வெறும் இன்ட்தான், கூடுதல் செலவில்லை.

இப்போது வெளியிலிருந்து பணம்.உருவாக்கு(5) + 1 என்று எழுதிப் பாருங்கள். ‘ரூபாயோடு இன்ட்டைக் கூட்ட முடியாது’ என்று வந்தால் சரி. ‘இன்ட் வேண்டும், ஆனால் இன்ட் வந்திருக்கிறது’ என்று வந்தால், பிழைச் செய்தியை அச்சிடும் இடத்தில் இன்னும் யாரோ விரித்துக்கொண்டிருக்கிறார்கள்.