புள்ளிப் பதிவில் பூச்சியம் போடுவதற்கு முன்

இலங்கை மலையகத்தில் அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழை பிடித்தால் சிக்னலை நம்ப முடியாது. ஆகவே கூகுள் ஷீட்ஸில் புள்ளி பதியும் ஆசிரியர்கள், போனில் அந்தக் கோப்பை முன்கூட்டியே ஆஃப்லைனுக்கு மாற்றிவிடுங்கள். வகுப்பில் பதிவது சிக்னல் வந்ததும் தானாக ஏறிவிடும்.

அப்புறம், பரீட்சைக்கு வராத பிள்ளைக்குப் பூச்சியம் வேண்டாம். 'வரவில்லை' என்று எழுத்திலேயே போடுங்கள். ஷீட்ஸில் சராசரி காணும் ஆவரேஜ் (AVERAGE) சூத்திரம் எழுத்தைக் கணக்கில் எடுக்காது, பூச்சியத்தை எடுக்கும். 60, 70 எடுத்துவிட்டு மூன்றாவது பரீட்சைக்கு வராத பிள்ளையின் சராசரி 65. பூச்சியம் போட்டால் 43! தவணை அறிக்கையைக் கையில் வாங்கும் பெற்றோருக்கு இது சின்ன வித்தியாசமா?

வரவுப் பதிவுக்கு மட்டும் இதற்கு நேர்மாறு: வந்தால் 1, வராவிட்டால் 0. அதே ஆவரேஜ் வரவு வீதத்தைத் தந்துவிடும். விடுமுறை நாட்களை வெறுமையாக விடுங்கள்.