வாடகையைத் தவணையோடு ஒப்பிடாதீர்கள்

"வாடகைக்குக் கொடுக்கிற காசு வீண்தானே, அதையே இஎம்ஐயாகக் கட்டினால் வீடாவது மிஞ்சும்" என்று சொல்லாத உறவினர் கிடையாது. கணக்கு அப்படி வராது. தவணையிலும் திரும்பி வராத பகுதி உண்டு, அது வட்டி. 9% வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும். 5 ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசலில் குறைந்திருப்பது சுமார் 11% மட்டுமே.

ஆகவே ஓராண்டு வாடகைக்கு எதிரே ஓராண்டு வட்டி, சொத்து வரி, பராமரிப்பு, வீடு வாங்கக் கையிலிருந்து போடும் முன்பணம் வேறு இடத்தில் ஈட்டியிருக்கும் வருமானம் ஆகியவற்றைக் கூட்டி வையுங்கள். (கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.) வீட்டின் விலை ஏறும் என்று நம்பினால் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் தாராளமாக வேண்டாம்.

இவ்வளவு பொறுமை இல்லையா? வீட்டின் விலையை, அதே போன்ற வீட்டின் ஓராண்டு வாடகையால் வகுங்கள். 15க்குக் கீழே வந்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். 20ஐத் தாண்டினால் பெரும்பாலும் வாடகையே மலிவு. தோராயமான அளவுகோல்தான். நாலைந்து ஆண்டுகளில் ஊர் மாறுவீர்கள் என்றால், பத்திரப்பதிவுச் செலவும் தரகும் சேர்ந்து கிடைக்கும் லாபத்தைத் தின்றுவிடலாம்.