வண்ண பார்கோடு அச்சிடுகிறீர்களா? 8 நிறம் வேண்டாம்

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் எஸ்ஐடி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஜாப் கோடு என்ற வண்ண பார்கோடு 2022-இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 23634 என்ற சர்வதேசத் தரமாக வந்தது. கறுப்பு வெள்ளை க்யூஆரில் கட்டத்துக்கு 1 பிட் தகவல். இதில் 8 நிறம் என்பதால் 3 பிட். உடனே எல்லாவற்றுக்கும் இதையே போடலாம் என்று கிளம்பக் கூடாது. சின்ன இணைய முகவரிக்கு க்யூஆரே போதும், அதை போன் கேமராவே படித்துவிடும். ஜாப் கோடுக்குத் தனிச் செயலி வேண்டும். டிஜிட்டல் கையொப்பத்தோடு முழுச் சான்றிதழையும் சின்ன இடத்தில் அடைக்க வேண்டுமா, அங்கேதான் இதற்கு வேலை.

பெரிய தவறு, மென்பொருள் தானாகத் தரும் 8 நிறத்தை அப்படியே அச்சுக்கு அனுப்புவது. அந்த எட்டும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருப்பதும் இல்லாததுமாகச் சேர்ந்து வருபவை. குண்டு பல்பு வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. நீலம் போனால் மஞ்சளும் வெள்ளையும் ஒன்று, நீலமும் கறுப்பும் ஒன்று, பச்சையும் சயானும் (பச்சை கலந்த நீலம்) ஒன்று, சிவப்பும் மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு) ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிட் காலி. பிழைதிருத்த அளவை ஏற்றிப் பார்ப்பார்கள்; அது அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் பிழைக்குத்தான் கைகொடுக்கும், எல்லாக் கட்டமும் அடிபட்டால் உதவாது.

4 நிற முறையில் கறுப்பு, மெஜந்தா, மஞ்சள், சயான் மட்டும். எந்த இரண்டை எடுத்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் குறைந்தது இரண்டில் வேறுபடும். நீலம் அடிபட்டாலும் நான்கும் தனித்தனியாகத் தெரியும். கட்டத்துக்கு 2 பிட்தான், ஆனால் படிக்கும். இன்னொரு லாபம்: நான்கும் ஆப்செட் அச்சின் நான்கு மைகளே. 8 நிறத்தில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு இரண்டு மை மேலும் மேலும் விழ வேண்டும், ரிஜிஸ்ட்ரேஷன் (மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) 0.2 மி.மீ. விலகினாலே அரை மி.மீ. கட்டத்தின் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப்பார்க்கும்.

அச்சகத்துக்கு ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு-பச்சை-நீலம்) கோப்பு கொடுத்து அவர்களை மாற்றச் சொன்னால் ஒரே மையில் விழ வேண்டிய நிறம் பல மைகளின் கலவையாகிப் புள்ளி புள்ளியாக விழலாம். முதலிலேயே அந்த நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கே முறையில் டிஃப் (TIFF) படக்கோப்பு எடுத்து, ஒவ்வொரு நிறமும் ஒரே மையில் 100 சதவீதமாக இருக்கிறதா பாருங்கள்.

கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஜேபெக் ஆகிவிடும். ஜேபெக் வெளிச்சத்தைவிட நிறத்தை அதிகமாக, பெரும்பாலும் 2×2 பிக்சலுக்கு ஒன்றாகச் சுருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

வெயிலில் ஒட்டும் பலகைக்கு இது ஆகாது. மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும். பழைய சுவரொட்டிகள் நீலம் பாய்ந்து நிற்பது அதனால்தான்.